நிலைக்கு வந்த பஸ் வீடு

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சந்தேகப்படுகிறவர்கள் குற்றாலநாதர் சந்நிதிக்கு வரட்டும். உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றி, அது எரிந்து அணைகிறவரை கையை மடக்காமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒப்பிக்கலாம். கூட்டிச் சொன்னது என்று இதில் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு மூன்று இடங்களில், கேட்கிறவர்கள் தாங்கமாட்டார்களே என்று சற்றுக் குறைத்துச் சொல்லியிருக்கிறது. அந்தப் பாவம் மட்டும் உண்டு.

செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து மூன்றாம் வருஷம். மேலகரம் தாண்டி, குற்றாலம் ரோட்டை ஒட்டி, வயலுக்கு இந்தப் பக்கம் கிடந்த பொட்டலில் ஒரு பஸ் நின்றது. அதில் நாறும்பூநாதன் குடியிருந்தார்.

அதே பஸ்ஸைத்தான் இருபத்திரண்டு வருஷம் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே அவர் ஓட்டியிருந்தார். மலைச்சாரல் மோட்டார் சர்வீஸ் என்று பெயர். கம்பெனிக்காரர்கள் கடையைக் கட்டியபோது மற்ற பஸ்களையெல்லாம் மதுரைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். இந்த ஒன்றை மட்டும் அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் நாறும்பூநாதனுக்குத் தன்னையே சொன்னதுபோல் இருந்தது. ஏலத்தில் தாமே எடுத்துவிட்டார்.

இருக்கைகளைக் கழற்றி இரண்டை மட்டும் எதிரெதிராக வைத்தார். கடைசி நீள சீட்டு கட்டிலாயிற்று. படிக்கட்டுக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு. ஜன்னல்களுக்கு உருட்டிவிடும் தார்ப்பாய். கண்டக்டர் இழுக்கிற மணிக்கயிறு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. படுக்கப் போகும்போது நாறும்பூநாதன் அதை ஒரு தரம் இழுப்பார். காலையில் எழுந்தால் இரண்டு தரம். நிறுத்தலாம், போகலாம் என்று அந்த இரண்டு மணிகளுக்கும் அர்த்தம் உண்டு. அதைக் கேட்க உள்ளே வேறு யாரும் இல்லை.

இருந்திருக்க வேண்டியது அவர் மனைவி குழல்வாய்மொழி. அவள் ஒரே ஒரு தடவை வந்து பார்த்தாள். படியில் கால் வைக்கவில்லை. வெளியே நின்றபடியே முன்னாலிருந்து பின்வரை பார்த்தாள்.

"இதுலயா குடியிருக்கணும்?"

"உள்ள வந்து பாரேன் குழலு. அடுப்பு வச்சிருக்கேன். ஒனக்குன்னு ஜன்னலோர சீட்டு."

"இருபத்திரண்டு வருசமா இந்த பஸ்சு எப்ப வரும், எப்ப போவும்னு வாசல்ல நின்னு காத்துக் கெடந்தாச்சு. இனிமே அதுக்குள்ளயே வேற இருக்கணுமோ?"

"இது இப்ப பஸ்சு இல்லளா. வீடு."

"வீடுன்னா கெடந்த எடத்துல கெடக்கணும். இது என்னைக்காவது ஒருநாள் கெளம்பிரும். ஒங்களையும் தெரியும் எனக்கு, இதையும் தெரியும்."

சொல்லிவிட்டு செங்கோட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லாததால் பஞ்சாயத்துப் பேசவும் ஆள் இல்லை. மாசி போயிற்று, பங்குனி போயிற்று. ஆனி கடைசியில் ஒரு கார்டு வந்தது. அண்ணன் மகளின் குண்டு குண்டான கையெழுத்து, வார்த்தைகள் குழல்வாய்மொழியுடையவை. ஆடி மாதக் காற்று முழுவதையும் தாங்கிக்கொண்டு அந்த வீடு நின்ற இடத்தில் நிற்குமானால், ஆவணி மூன்றாம் தேதி புதன்கிழமை, பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் பால் காய்ச்ச வருவேன். ஒரு முழம் நகர்ந்ததாகக் காதில் விழுந்தாலும் வரமாட்டேன். இவ்வளவுதான் கடிதம்.

நாறும்பூநாதன் அதை டிரைவர் சீட்டுக்கு எதிரே, சாமி படத்துக்குக் கீழே செருகி வைத்தார்.

அந்தக் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகாத்து என்கிற மேற்குக் காற்று இறங்கும்போது இந்தப் பக்கத்தில் யாரும் குடை வாங்குவதில்லை. மேலகரத்தில் ரோட்டோரம் நின்றால் போதும். குற்றாலத்தில் குளிக்க வந்தவர்களின் குடை ஒன்றன்பின் ஒன்றாக வரும், கைப்பிடி பார்த்து எடுத்துக்கொள்ளலாம். பஸ்ஸுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த சேக் தாவூது ஆடி மாதத்தில் கடைக்குள் டீ ஆற்றமாட்டார். மேல் தம்ளரிலிருந்து ஊற்றுவது கீழ்த் தம்ளருக்கு வராது. கிழக்கே பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறவர் தம்ளரை நீட்டினால் போதும். அதற்காகவே அங்கே பெஞ்சுகளை ஒரே வரிசையாக மேற்குப் பார்த்துப் போட்டிருந்தார். ஒருவருக்கு ஊற்றியது அடுத்தவருக்கு மாறிவிட்டது என்று சண்டை வந்ததே கிடையாது. எல்லாருக்கும் ஒரே டீதான்.

இப்படிப்பட்ட காற்றில்தான் நாறும்பூநாதன் அந்த பஸ்ஸை நிறுத்த வேண்டியிருந்தது. ஆனால் டிரைவர் என்பதால் காற்று அவருக்குப் பழக்கம். விலா காட்டி நிறுத்தினால் காற்று வண்டியைக் குப்புறத் தள்ளிவிடும் என்று தெரிந்து, மூக்கை நேர் மேற்கே, கணவாயைப் பார்த்துத் திருப்பி வைத்தார். கூரை மேலிருந்த கேரியரையும் ஏணியையும் கழற்றிக் கீழே இறக்கினார். பக்கத்தில் நின்ற புளியமரத்தில் கயிறு கட்டவில்லை. கிளை முறிந்தால் கூரையோடு போகும். பதிலாக நான்கு மூலையிலும் ஆளுயர இரும்பு முளைகளை முழங்கால் உயரம் மட்டும் தெரிய அடித்து, மணிலாக் கயிற்றால் அடிச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். உள்ளே தரையில் இரண்டு பீப்பாய் நிறையத் தண்ணீர். குழல்வாய்மொழி விட்டுவிட்டுப் போன அம்மியையும் ஆட்டுரலையும் பின்சக்கரங்களுக்கு நேர் மேலே கொண்டுபோய் வைத்தார். காற்று வலுக்கும்போது மேற்கு ஜன்னல்களை இறுக மூடிவிட்டு, கிழக்கே ஒன்றை மட்டும் நாலு விரல் திறந்து வைப்பார். உள்ளே புகுந்த காற்று வெளியே போக வழி இருந்தால் கூரையைத் தூக்காது. சக்கரங்களைச் சுற்றிச் சுண்ணாம்பில் கோடு போட்டு, தினமும் காலையில் இரண்டு மணி அடித்ததும் இறங்கி வந்து பார்ப்பார். கோடு கோட்டிலேயே இருக்கும்.

ஆடி முப்பத்தோரு நாளும் இப்படியே போயிற்று. எதிர்க்கடை ஓடு நூற்றுச் சொச்சம் பறந்தது. புளியமரம் தன் கிளைகளில் பாதியைத் தென்காசிக்கு அனுப்பிவிட்டது. பஸ் அசையவில்லை. உள்ளே ராத்திரியெல்லாம் கயிறுகள் விம்முகிற சத்தம் கேட்கும். நாறும்பூநாதன் நீள சீட்டில் படுத்துக்கொண்டு, எதிரே காலியாகக் கிடக்கிற ஜன்னலோர சீட்டைப் பார்த்து, "இன்னும் பத்து நாளு", "இன்னும் ஒம்பது" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த மட்டோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

ஆவணி இரண்டாம் தேதி சாயங்காலம் மலை கறுத்தது. ஆடியில்கூட அப்படிக் கறுத்ததில்லை. இத்தனை நாள் காத்ததைக் கடைசி ஒரு நாளில் கோட்டைவிட்டு விடுவோமோ என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு இலஞ்சிக்குப் போய், சிவனணைந்தபெருமாளைக் கையோடு கூட்டி வந்தார்.

சிவனணைந்தபெருமாள் தேருக்குக் கட்டை போடுகிறவர். தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முன்னால் ஆப்பு மாதிரி ஒரு கட்டையைக் கொடுத்து அதை நிறுத்துவதும், அதையே சாய்த்துக் கொடுத்துத் தெருமுனையில் திருப்புவதும் அவர் வேலை. அறுபத்து நாலு வயது. நாற்பது வருஷத்தில் தேர் அவர் கட்டையை மீறி ஒரு சாண் போனதில்லை. ஆகவே, சக்கரம் உள்ள ஒன்றை நிறுத்தத் தெரிந்தவர் ஜில்லாவிலேயே அவர்தான் என்று நாறும்பூநாதன் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

வந்தவர் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றினார். முளைக் கயிறுகளைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"என்ன வே இது? தேரைக் கொண்டாந்து முளையில கட்டுவாங்களா? மாடா இது?"

"இது தேரு இல்ல அண்ணாச்சி. வீடு."

"சக்கரம் இருக்கா?"

"இருக்கு."

"மேல கூரை இருக்கா?"

"இருக்கு."

"உள்ள ஒத்தையில ஒருத்தன் இருக்கானா?"

நாறும்பூநாதன் திரும்பி ஜன்னலோர சீட்டைப் பார்த்தார். "இருக்கேன்" என்றார்.

"பெறவு என்ன? தேருதான். முளைய மொதல்ல புடுங்கும். நாலு பக்கமும் இழுத்துக் கட்டுனா அச்சு முறிஞ்சிரும். நாளைக்கு ஒம்ம வீட்டம்மா வந்து முறிஞ்ச அச்சுலயா பால் காய்ச்சுவா?"

அந்தக் கடைசிக் கேள்வியோடு நாறும்பூநாதன் கடப்பாரையை எடுத்துவிட்டார். முளைகளைப் பிடுங்கிவிட்டார்கள். கோயிலில் கழித்துப் போட்ட பழைய தேர்வடம் ஒன்றைச் சிவனணைந்தபெருமாள் வண்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். தொடைப் பருமன். அதைப் பஸ்ஸின் மூக்கில் கட்டினார். வடத்தை எங்கே கட்டுவது என்று அவரைக் கேட்டால் முன்னால் என்றுதான் சொல்வார். நாற்பது வருஷமாக வேறு எங்கும் கட்டியதில்லை. மறுமுனையைப் புளியமரத்தின் அடியில் சும்மா சுருட்டி வைத்தார். பிறகு நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்தார். நான்கும் சாய்ந்திருந்தன. நேராகக் கட்டை வைக்க அவர் கைக்கு வராது. நின்ற தேர் மறுபடி கிளம்பத்தானே போகிறது என்று கை எப்போதும் அடுத்த முனையைப் பார்த்தே வைக்கும்.

மறுநாள் புதன்கிழமை. நாறும்பூநாதன் விடிந்ததும் இரண்டு மணி அடித்தார். குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, படிக்கட்டுக்கு மாவிலைத் தோரணம் கட்டினார். ஜன்னலோர சீட்டைத் துடைத்தார். துடைத்துவிட்டு அதில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து, தாம் உட்கார்ந்த சூடு போகட்டும் என்று மறுபடி துடைத்தார். காற்று விர்ரென்று ஏறிக்கொண்டிருந்தது.

ஒன்பதரைக்குச் சிவனணைந்தபெருமாள் ஒரு பையோடு வந்தார்.

"நல்ல காரியம் நடக்க எடம். திருஷ்டி கழிக்காமலா?"

பையிலிருந்து தேங்காயும் நாலு எலுமிச்சம்பழமும் எடுத்தார். நாறும்பூநாதனும் இருபத்திரண்டு வருஷம் காலையில் முதல் டிரிப் எடுக்குமுன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தவர்தான். இருவருக்கும் அது கைப்பழக்கம். ஆளுக்கு இரண்டாக எடுத்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொன்றாக வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காயைச் சிதறடித்தார்கள். எலுமிச்சம்பழம் வைப்பது வண்டி புறப்படுவதற்கு என்பது இருவர் புத்தியிலும் அந்த நிமிஷம் தட்டவில்லை. புறப்படாமல் இருப்பதற்கு வைக்கிற பழம் என்று ஒன்று கிடையவும் கிடையாது.

தேங்காய்ச் சில்லு தரையில் விழுவதற்குள் கணவாயிலிருந்து காற்று வந்து பஸ்ஸின் மூக்கில் அறைந்தது. நாலு எலுமிச்சம்பழமும் ஒரே சத்தத்தில் நசுங்கின. பஸ் பின்பக்கமாகப் புறப்பட்டுவிட்டது.

"ஏ! போவுதுவே!" என்று சிவனணைந்தபெருமாள் கத்தினார்.

"நிறுத்தும் அண்ணாச்சி!"

"நிறுத்தத்தாம்வே கட்டை வச்சிருக்கு!"

கட்டைகள் நிறுத்தவில்லை, திருப்பின. பஸ் பொட்டலிலிருந்து மிக ஒழுங்காக வளைந்து, ஒரு கல்லைக்கூட மிதிக்காமல் குற்றாலம் ரோட்டில் ஏறி, தென்காசியைப் பார்த்துப் பின்னாலேயே ஓடத் தொடங்கியது. நாறும்பூநாதன் பாய்ந்து உள்ளே ஏறி, பிரேக்கை மிதித்தார். பிரேக் கம்பியைக் கழற்றித் துணி காயப்போடக் கொடியாகக் கட்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கொடியில் அவருடைய காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

சிவனணைந்தபெருமாள் ஒரு கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே ஓடிவந்தார். முழுசாக மூன்று மைல். வேட்டி அவிழவில்லை.

மேலகரத்தில் ஒரு நர்சம்மா கைகாட்டினார். ரெபேக்காள் என்று பெயர். தென்காசியில் ஒரு பிரசவத்துக்குப் போக பஸ்ஸுக்கு நின்றவர். காற்று பஸ்ஸை நிறுத்தவில்லை என்றாலும் அவரைத் தூக்கிப் படியில் வைத்தது.

"என்ன டிரைவர், பின்னாலயே போறீரு? கண்டக்டர் எங்க?"

"அம்மா, இது பஸ்சு இல்ல. என் வீடு."

நர்சம்மா சுற்றும் பார்த்தார். அடுப்பு, தண்ணீர்ப் பீப்பாய், அம்மி, தோரணம், சாமி படத்துக்குக் கீழே கார்டு.

"வீடா? வீட்டுல யாரையும் காங்கலியே?"

"வருதா. பத்தரைக்கு மேல."

"இப்ப மணி பத்தாச்சே! வீடு இங்கன போய்ட்டிருக்கு, அந்த அம்மா எங்க வருதாவ?"

நாறும்பூநாதன் சாமி படத்துக்குக் கீழே இருந்த கார்டை எட்டிப் பார்த்தார். நர்சம்மா கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கச் சொல்ல நாறும்பூநாதனுக்கு மனம் வரவில்லை. அந்த சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்தால் வீடு எப்படி இருக்கும் என்று ஆறு மாதமாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். இப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே காப்பி போட்டுக் கொடுத்தார். நர்சம்மா, "சீனி ஒரு பிடி கூடப் போட்டிருக்கலாம்" என்றார். அந்த வீட்டில் காப்பிக்குக் குறை சொன்ன முதல் ஆள். நாறும்பூநாதனுக்கு அது என்னவோபோல் இதமாக இருந்தது.

தென்காசி வந்ததும் நர்சம்மா குடையை விரித்தார். குடை அவரைக் கொண்டுபோய்ப் பிரசவ வீட்டு வாசலிலேயே இறக்கியது. தாயும் பிள்ளையும் சுகம்.

தென்காசிக் கோயில் வாசல் காற்றைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரியும். இடி விழுந்து பிளந்து நிற்கிற அந்தக் கோபுரத்தடியில் காற்று ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு வந்து, இரண்டு எட்டு வைத்ததும் மறுபக்கம் திரும்பித் தள்ளும். பஸ் நாலு தேர்த் தெருவும் வலமாகச் சுற்றி, முனைக்கு முனை சிவனணைந்தபெருமாள் கட்டை கொடுக்கக் கொடுக்க ஒரு வீட்டுப் படியையும் உரசாமல் வந்து, கோபுரத்தடியில் ஒரு தரம் மூச்சு வாங்கி நின்றது. மூக்கில் கட்டியிருந்த வடம் தெரு நீளத்துக்குக் கிடந்தது.

தென்காசிக்காரர்கள் தெருவில் வடம் கிடந்தால் சும்மா போகமாட்டார்கள். என்ன தேர், எந்தச் சாமி என்று ஒருவரும் கேட்கவில்லை. இருநூறு பேர் வடத்தைப் பிடித்துவிட்டார்கள்.

"யாரு வந்தாலும் பிடிங்கடே! வடத்தைத் தொட்டவன் நெலைக்கு வராம விடக்கூடாது!" என்று சிவனணைந்தபெருமாள் கட்டையைத் தூக்கிக் காட்டினார்.

அது நிஜம். தேரை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போக முடியாது. புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். புறப்பட்ட இடம் மேலகரம் தாண்டி இருக்கிறது என்று தெரிந்தபோது அவர்கள் கூட்டுறவு பண்டகசாலையைத் தாண்டிவிட்டார்கள். விட முடியவில்லை. எதிர்க்காற்றில் இழுத்தார்கள். ஒரு பெரியவர் தேங்காய்த் தட்டோடு படியருகே ஓடிவந்து, "எந்தப் பேருக்கு அர்ச்சனை?" என்று கேட்டார். உற்சவர் இருக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்த நாறும்பூநாதன், "குழல்வாய்மொழி" என்றார். குற்றாலத்து அம்மன் பேரும் அதுதான் என்பதால் பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பஸ் பொட்டலுக்குள் திரும்பியது. சிவனணைந்தபெருமாள் கடைசிக் கட்டையைக் கொடுத்தார். நாலு சக்கரமும் சுண்ணாம்புக் கோட்டுக்குள் உட்கார்ந்தன. ஒரு நூல் பிசகவில்லை. காற்று அந்த நிமிஷமே பட்டென்று நின்றது.

இருநூறு பேரும் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டு, கலைந்து போனார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகு யாரும் நிற்பதில்லை. உள்ளே எட்டிப் பார்க்கக்கூட ஒருவரும் வரவில்லை. சிவனணைந்தபெருமாள் கட்டையைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீரா? என் கட்டைய மீறி ஒரு சாண் போவல" என்று சொல்லிவிட்டு இலஞ்சிக்கு நடந்தார்.

சேக் தாவூது ரோட்டைத் தாண்டி வந்தார்.

"அண்ணாச்சி, எங்க போய்ட்டீரு வீட்டத் தூக்கிக்கிட்டு?"

"வந்தாளா தாவூது?"

"பத்தே முக்காலுக்கு வந்தாக. செங்கோட்டையிலேருந்து குத்தாலம் வழியா வில்வண்டியில. கையில பால் செம்பு. இந்தச் சுண்ணாம்புக் கோட்டையே பாத்துக்கிட்டு நின்னாக. உள்ள வந்து உக்காருங்கம்மான்னு சொன்னேன். 'வேண்டாம் தம்பி, பஸ்சுக்கு நின்னு பழக்கந்தான்'ன்னாக."

"எம்புட்டு நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும். பன்னெண்டுக்கு ராகுகாலம் வந்துரும்னு பத்து நிமிசம் முந்திதான் வண்டி ஏறுனாக. நீரு மேலகரம் வளைவுல வரும்போது அந்த வில்வண்டி குத்தால வளைவுல திரும்புது."

நாறும்பூநாதன் குனிந்து பஸ்ஸுக்கு அடியில் பார்த்தார். நாலு சக்கரத்துக்கும் நட்டநடுவில் பித்தளைச் செம்பு இருந்தது. மேலே வாழையிலைத் துண்டு, அதன்மேல் ஒரு கல். வீடு அதற்கு மேலாக வந்து நின்றிருக்கிறது. பாலில் ஒரு தூசி விழவில்லை.

அவரே அடுப்பைப் பற்ற வைத்துப் பாலைக் காய்ச்சினார். வீட்டுக்காரி காய்ச்சினால் பொங்கி வழியும். எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்ப்பார்கள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பால் விளிம்பு வரைக்கும் ஏறி வந்து, எட்டிப் பார்த்து, மறுபடி இறங்கிவிட்டது.

மறுநாள் செம்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு செங்கோட்டைக்குப் போனார். மச்சினர் வீட்டில் இல்லை. குழல்வாய்மொழி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"வீடு எங்க போயிருந்துச்சு?"

"தென்காசிக்கு."

"என்ன சோலியா?"

"காத்துளா. நான் என்ன செய்ய? ஆடி பூரா ஒரு அங்குலம் அசையல. கேட்டுப் பாரு தாவூதுகிட்ட. அந்த ஒரு ரெண்டு மணி நேரந்தான். அப்பயும் நெலைக்கு வந்துட்டு. கோட்டுக்குள்ள நிக்கி."

"வரும். இருபத்திரண்டு வருசமும் வந்துச்சுல்லா? வராதுன்னு நான் சொன்னேனா?" முறம் நின்றது. "நான் வார நேரத்துக்கு இருக்காது. அதத்தான் சொன்னேன்."

வெளியே ரயில் ஊதியது. அவர் துண்டை விரித்துச் செம்பை எடுத்தார்.

"செம்பு..."

"அது எங்க ஆத்தா குடுத்தது. வச்சிட்டுப் போங்க."

"இல்ல. அங்கனயே இருக்கட்டும். நீ வந்து எடுத்துக்க."

குழல்வாய்மொழி அவரைப் பார்த்தாள். சிரிப்பு வந்ததா, இல்லையா என்று ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அடுத்த ஆவணிக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்தாள்.

அதற்கப்புறம் ஏழு ஆவணி வந்தது. ஒவ்வொரு வருஷமும் நாறும்பூநாதன் மூக்கை மேற்கே வைத்து, முளை அடித்து, பீப்பாய் நிரப்பி, அம்மியைப் பின்சக்கரத்துக்கு மேலே தூக்கிவைத்து, கட்டைக்காரர் யாரையும் கூப்பிடாமல் தானே காத்தார். ஆவணி மூன்றாம் தேதி செம்பைப் புளி போட்டுத் தேய்த்துப் படியில் வைத்துவிட்டு, ஜன்னலோர சீட்டுக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். பன்னிரண்டு அடித்ததும் செம்பை உள்ளே எடுத்து வைப்பார். ராத்திரி ஒரு மணி அடிப்பார். வீடு ஏழு வருஷமும் ஒரு முழம் நகரவில்லை. யார் கேட்டாலும், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அது வீட்டில் இல்லாமல் போயிற்று, அதனால்தான் அவள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள் என்று மேலே சொன்னது அத்தனையையும் ஒரு வரி விடாமல் சொல்வார்.

அந்த பஸ்ஸுக்குச் சக்கரம் கிடையாது. ஏலத்துக்கு முன்பே அந்த மதுரைக்காரர் நாலையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார், பொட்டலுக்கு வந்த நாளிலிருந்து அது நாலு கருங்கல்லின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.